எட்டப்பன் என்று என் வகுப்பில் சொல்லக் கூடாது

போன வாரம் ஒரு தங்கை போன் செய்தாள். கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து ஒன்றியத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் பட்டதாரி ஆசிரியர். "அக்கா, ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கிளாஸ் ரூல்ஸ் எழுதி செவத்துல ஒட்டணும். நீங்க சோஷியலுக்கு என்ன ரூல்ஸ் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், ஒரு மணி நேரம் ஆகியும் முதல் விதியிலேயே நின்றுகொண்டிருந்தேன். சரி, எழுதியே அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன்.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 6, 7, 8 மூன்று வகுப்பும் சேர்த்து 58 பிள்ளைகள். மூன்றுக்கும் சமூக அறிவியல் நான்தான். வரலாறு என்று நமக்குத் தனிப் பாடம் கிடையாது, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் ஒரே புத்தகத்துக்குள்தான். ஆனால் மற்ற பாடங்களுக்குப் போடும் விதிகள் வரலாற்றுக்குப் போதாது என்பது என் அனுபவம். கணக்கு வகுப்பில் யாருடைய தாத்தாவும் உள்ளே வர மாட்டார். வரலாற்று வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் ஊரும் கோயிலும் சாதியும் மதமும் வீட்டில் சொல்லிக் கேட்ட கதையும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகின்றன.

நான் ஏழாவதோ எட்டாவதோ படித்தபோது ஒரு நாள் பிளாசிப் போர் 1764, பக்சார் போர் 1757 என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால் அடி, அப்புறம் இரண்டு வருடங்களையும் நூறு முறை இம்போசிஷன். எழுதினேன். இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் அந்த நூறு முறை எழுதி முடித்தபோதும் பக்சார் எங்கே இருக்கிறது, அங்கே யாரோடு யார் சண்டை போட்டார்கள், ஒரு வியாபாரக் கம்பெனிக்கு எதற்குப் படை என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தோன்றவும் இல்லை. கேட்டிருந்தால் இன்னொரு அடி விழுந்திருக்கும். இப்போது அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது, மனத்தளவில் துன்புறுத்துவதும் கூடாது என்று அதே பிரிவில் இருக்கிறது. ஸ்கேல் போய்விட்டது. கேட்கப் பயப்படுகிற பழக்கம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அதனால் என் வகுப்பின் முதல் விதி "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி. யார் வேண்டுமானாலும் யாரிடமும் கேட்கலாம். என்னிடம் கேட்கலாம், புத்தகத்தில் இருக்கும் வரியைக் காட்டிக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கலாம். கேட்டவரை முறைக்கக் கூடாது, "பெரிய இவன்" என்று சொல்லக் கூடாது. பதில் எனக்குத் தெரியாவிட்டால் கரும்பலகையின் வலது மூலையில் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் பெயரோடு எழுதிவைப்பேன், வெள்ளிக்கிழமைக்குள் தேடிச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அந்த மூலையை யாரும் அழிக்கக் கூடாது. கணக்கு சாருக்கும் இது தெரியும், அவர் பலகையைத் துடைக்கும்போது அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் துடைப்பார். அவருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது விதிதான் தலைப்பில் இருப்பது. இதைத்தான் அந்தத் தங்கைக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம்மிடம் கோள் சொல்பவனுக்கு, காட்டிக் கொடுப்பவனுக்கு ஒரே பெயர்தான், எட்டப்பன். வீட்டுப்பாடம் எழுதாததை டீச்சரிடம் சொன்னவன் எட்டப்பன். மாங்காய் பறித்ததைச் சொன்ன தங்கச்சி எட்டப்பன். பாடம் நடத்துவதற்கு முன்பே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன் கதை தெரியும், அதில் கெட்டவன் யார் என்பதும் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 1799 செப்டம்பரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறான், கோட்டை விழுகிறது, கட்டபொம்மன் தப்பிப் போகிறார், எட்டயபுரத்துப் பாளையக்காரர் கம்பெனி பக்கம் நிற்கிறார். வகுப்பே "எட்டப்பன், எட்டப்பன்" என்று ஒரே சத்தம். அடுத்த பத்தியை வாசிக்க ஒரு பையனை எழுப்பிவிட்டேன். தப்பி வந்த கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டை அரசர் தொண்டைமான் என்று அவன் வாசித்தான். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

"நம்ம ஊரு ராஜாவா டீச்சர்?"

நம்ம ஊர் ராஜாதான். அந்த அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். பையன்கள் சிலருக்கு முகமே மாறிவிட்டது. ஒருவன் புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றான். இன்னொருவன் அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், மிரட்டியிருப்பார்கள் என்றான். கடைசி வரிசையில் ஒரு பெண், பொதுவாக வாயே திறக்காதவள், எழுந்து கேட்டாள், "அதனாலதான் நம்ம ஊர்ல மட்டும் ராஜா கடைசி வரைக்கும் இருந்தாரா டீச்சர்?"

பதினான்கு வருடப் பணியில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக 1948 மார்ச் 3 வரை இருந்தது, அப்புறம்தான் இந்தியாவோடு இணைந்தது. சுற்றிலும் கம்பெனியும் பிறகு பிரிட்டிஷ் அரசும் நேரடியாக ஆண்டபோது நடுவில் இது மட்டும் எப்படித் தப்பியது என்பதற்கு, கட்டபொம்மன் காலத்துக்கும் முன்பே, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களில் தொண்டைமான்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றதிலிருந்து காரணங்களைத் தேட வேண்டும். அந்தப் பெண் ஒரே வரியில் அங்கே போய்விட்டாள். பெற்றோரோடு மனு கொடுக்கப் போகும் கலெக்டர் ஆபீஸ் பழைய அரண்மனை என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், அது ஏன் இடிபடாமல் அங்கே நிற்கிறது, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஏன் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

அன்று மாலையே அந்த விதியை எழுதினேன். ஒருவருடைய பெயரை இந்த வகுப்பில் வசவாகப் பயன்படுத்தக் கூடாது. எட்டயபுரத்திலும் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கும், அங்கேயும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதே பாடத்தை இதே புத்தகத்தில் படிக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பாளையக்காரர் பெயரை நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படி நம் ஊர் ராஜா பெயரை யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் அந்தச் சொல் வகுப்பில் வரவில்லை. விளையாட்டு மைதானத்தில் வருகிறது. அதை நான் தொடர்ந்து போய்த் தடுப்பதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, "எங்க ராஜா" என்று யாரும் சொல்லக் கூடாது. இது எவ்வளவு அவசியம் என்று ஊரில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்குத் தெரியும். ராஜராஜ சோழன் எங்கள் சாதி என்று எத்தனை பேர் போஸ்டர் ஒட்டுகிறார்கள், பேனர் வைக்கிறார்கள். அந்த பேனரைத் தாண்டித்தான் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதியின் பெயரால் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறு மாதிரியான அடையாளங்கள் பள்ளிக்குள் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். வரலாற்றுப் பாடத்துக்குள் இருக்கும் கயிற்றை ஆசிரியர்தான் அவிழ்க்க வேண்டும். ஒரு பையன் "அவர் எங்க ஆளு" என்று ஒரு பாளையக்காரரைச் சொன்ன அன்றைக்கு, இன்னொரு பையன் நோட்டை மூடிவைத்துவிட்டு மணி அடிக்கும்வரை தலை குனிந்தே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ராஜாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஊரில் வரி கட்டியவர் யார், குளம் வெட்டியவர் யார், கோட்டைக்குக் கல் சுமந்தவர் யார், அவர்கள் பெயர் எங்காவது இருக்கிறதா என்று நானே கேட்டுவிடுகிறேன். கோயில் கல்வெட்டுகளில் சில சமயம் இருக்கும். பல சமயம் இருக்காது. இல்லாததைப் பற்றியும் பேச வேண்டும்.

வருடங்களைப் பற்றி. ஒரு வகுப்புக்குப் பத்து வருடங்கள் மனப்பாடம், அவ்வளவுதான். மீதிக்கெல்லாம் எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்தால் போதும். இதற்குச் சுவரில் ஒரு நைலான் கொடி கட்டியிருக்கிறேன், துணி காயப்போடும் கிளிப்தான். ஒரு சென்டிமீட்டர் பத்து வருடம். வலது ஓரம் இந்த வருடம். அங்கிருந்து எட்டு சென்டிமீட்டரில் சுதந்திரம், இருபத்து மூன்றுக்குக் கொஞ்சம் உள்ளே கட்டபொம்மன், ஒரு மீட்டர் பத்தில் சோழ அரசன் முதலாம் பராந்தகன், இரண்டரை மீட்டர் தாண்டிக் கீழடி, நாலரை மீட்டர் தாண்டித்தான் சிந்துவெளி நகரங்கள். ஆறாம் வகுப்பில் வந்து சேரும் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தான் பிறந்த இடத்தைக் கொடியில் காட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கொஞ்சம் சொச்சம். அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்று புத்தகத்தில் வரும்போது எண் ஏன் பின்னோக்கி எண்ணப்படுகிறது என்பதைக் கொடியை வைத்துச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பலகையில் சொன்னால் பிடிப்பதில்லை.

மதிப்பெண் விஷயத்தைப் பெற்றோர்கள் எப்போதும் கேட்பார்கள். பருவத்துக்குள்ளேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40இல் செயல்பாட்டுக்கு என்று இருக்கும் 20ஐ எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நான் கறாராக இருக்கிறேன். கடையில் வாங்கிய படம் ஒட்டிய சார்ட் வேண்டாம், தெர்மாகோல் வேண்டாம், கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த பிரிண்ட் வேண்டவே வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருத்தர் இந்தப் பிராஜெக்டுக்காக நூற்றைம்பது ரூபாய் செலவு செய்துவிட்டு வந்து என்னிடம் சரியாக இருக்கிறதா டீச்சர் என்று கேட்டதிலிருந்து இதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள், அல்லது ஒரு பெரியவரிடம் கேட்ட ஒரு நினைவு. தாத்தா பாட்டி வீட்டில் இல்லாத பிள்ளைகள் டீக்கடையில் கேட்கலாம், சத்துணவு அக்காவிடம் கேட்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

இப்படித்தான் ஏழாம் வகுப்பில் ஒருவன் அம்மன் காசு கொண்டுவந்தான். புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமஸ்தானம் வெளியிட்ட சின்னச் செப்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் "விஜய" என்று எழுத்து. சாமி மாடத்தில் அவன் பாட்டி வைத்திருந்தாராம், திருப்பித் தராவிட்டால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்று கைக்குள்ளேயே வைத்திருந்தான். வரிசையாக எல்லோர் கைக்கும் போனது. நான் எதுவும் சொல்லவில்லை, இதைப் பார்த்து உங்களுக்கு என்னென்ன தெரிகிறது, எது தெரியவில்லை என்று மட்டும் கேட்டேன். செம்பு, தேய்ந்திருக்கிறது, நிறைய கை மாறியிருக்கிறது, அம்மன் உட்கார்ந்திருக்கிறது, வருடம் இல்லை. அப்புறம் ஒருத்தி, "டீச்சர், இது தமிழ் எழுத்து இல்லையே" என்றாள். ஆமாம், தெலுங்கு எழுத்து. நம்ம ஊர்க் காசில் ஏன் தெலுங்கு? மூலையில் எழுதினோம். அந்த ஒரு கேள்விக்காக விஜயநகரத்திலிருந்து நாயக்கர் காலம் வரைக்கும் பின்னால் போக வேண்டியிருந்தது, தமிழ்நாட்டு அரசவைகளில் எவ்வளவு காலம் தெலுங்கு புழங்கியது என்று பேச வேண்டியிருந்தது. அது ஏழாம் வகுப்புப் பாடத்தில் அந்த வாரத்துக்கு உரியதே இல்லை. பரவாயில்லை. பாட்டியிடம் காசு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். கொண்டுவரலாம், ஆனால் சும்மா சொல்லிவிட்டு உட்காரக் கூடாது, எல்லோரும் சேர்ந்து சோதித்துப் பார்ப்போம். வருடம் தவறாமல் வருவது தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்பது. இதை வைத்து ஒரு முழுப் பாடவேளை நடத்தலாம். மைதானத்தில் கொடிக்கம்பத்தின் நிழலைக் காலை, நண்பகல், மாலை என்று அளக்கச் சொல்வேன். உச்சிப் பொழுதில் நிழல் எவ்வளவு சின்னதாகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். அடியில் அவ்வளவு அகலமான கட்டடத்துக்கு, சூரியன் தலைக்கு மேலே வரும் மாதங்களில் நண்பகல் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும், மற்ற நேரங்களில் தாராளமாகத் தரையில் விழும். தஞ்சாவூர் போனபோது ஒரு பையன் சாயங்காலம் அந்த நிழலுக்குள்ளேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். 1010இல் அதைக் கட்டி முடித்தவர்களின் திறமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை என்று நான் நினைக்கிறேன், அந்தக் கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று யோசித்தாலே போதும்.

சுற்றுலாவுக்கு ஒரே விதி. கல்லில் பெயர் கீறக் கூடாது. சித்தன்னவாசல் மலைமேல் சமணர்கள் படுத்த கல் படுக்கையில் இரண்டாயிரம் வருடம் தாண்டிய தமிழி எழுத்து இருக்கிறது, குகைக் கோயிலின் ஓவியத்தில் எவ்வளவு அழிந்துவிட்டது என்பதையும் அங்கே போனால் பார்க்கலாம். அதைப் பார்த்த பிள்ளை கையில் ஆணி எடுக்காது.

இவ்வளவு விதிகளையும் நானேதான் போட்டேனா என்றால், இல்லை. பாதியைப் பிள்ளைகள் போட்டார்கள். ஏழாம் வகுப்பில் உத்திரமேரூர் வரும். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்று இரண்டு கல்வெட்டுகள், குடவோலை முறை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வகுப்புத் தலைவரை நாங்கள் அப்படித்தான் எடுக்கிறோம். பானை, பேப்பர் சீட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குழந்தை. அதற்கு முன் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று பேச வேண்டும். கல்வெட்டில் 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ், வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் படித்திருக்க வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிற்க முடியாது என்று இருக்கிறது. "அப்ப பொம்பளைங்க?" இல்லை. "நெலம் இல்லாதவங்க?" இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், மற்றவர்களுக்கு அதில் இடம் இல்லை என்பதையும் சொல்கிறேன். உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம் என்று மேடையில் பேசுவதைக் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிவைத்தார்கள் என்பதும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போன வருடப் பிள்ளைகள் முடிவு செய்தது இது. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவர் நிற்கக் கூடாது. அவருடைய தம்பி நிற்கலாமா என்பதில் பெரிய சண்டை, கடைசியில் தம்பி நிற்கலாம் என்று முடிவானது. தாமதமாக வருபவரை வாசலில் நிறுத்தக் கூடாது, ஆடு மாடு பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு, நேராக உள்ளே வந்து உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கைடைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் குறைப்பதில்லை, ஆனால் எழுதியதைப் புத்தகம் இல்லாமல் எழுந்து சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி என்னுடையதைவிடக் கடுமை, நான் மாற்றவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானேங்க டீச்சர், அதுக்கு எதுக்கு இவ்வளவு? பாடத்த முடிச்சிட்டு கேள்வி பதில் எழுதிப் போட்டா போதாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பத்தாம் வகுப்பில் அவருடைய மூத்த பையன் சமூக அறிவியலில் எடுத்த மதிப்பெண் அவருக்குக் கவலை. நான் அவருடைய சின்னப் பெண்ணின் நோட்டை எடுத்துக் காட்டினேன். வலது பக்கம் பதில், இடது பக்கம் அவளுக்குத் தோன்றிய கேள்விகள், என் வகுப்பில் நோட்டு அப்படித்தான். அவர் இடது பக்கத்தை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில், "எங்க அப்பாவோட தாத்தா எந்த ஊரு? ஏன் இங்க வந்தாங்க?" என்று இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இத எங்கிட்ட கேட்கவே இல்லையே" என்றார். அந்த வாரம் அவள் கேட்டிருக்கிறாள். நெசவு நொடித்துப்போய்க் கிளம்பி வந்த குடும்பம் என்று மூன்று பக்கம் எழுதி வந்தாள். எழுத்துப் பிழைகள் நிறைய. ஒன்றையும் நான் சிவப்பில் வட்டம் போடவில்லை, அவளை உட்காரவைத்து அவளையே வாசிக்கச் சொல்லித் திருத்தினோம்.

தங்கைக்கு இதை அப்படியே அனுப்பப் போகிறேன். அவள் ஊர் இலுப்பூர் பக்கம், அங்கே எந்த விதி முதலில் வர வேண்டும் என்பது அங்கிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் தெரியும், இதைச் சுவரில் அப்படியே ஒட்ட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பானை போன வருடமே விரிசல் விட்டுவிட்டது. பள்ளி திறப்பதற்குள் வேறு வாங்க வேண்டும், இந்த முறை ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கை சுலபமாக நுழைகிற மாதிரி வாய் அகலமாகப் பார்க்கணும்.